அளக்காமல் டிஸ்க்கைக் குற்றம் சொல்லாதீர்கள்

கடும் பிரேக்கில் காரின் முன்பக்கம் ஆடுவது ஏன் என்று சென்ற இதழில் பட்டறை முதலாளி ஒருவர் எழுதியிருந்தார். அவர் எடுத்துக்கொண்ட வண்டி, பீடோங் பக்கத்து இளைஞர்கள் சிலர் இரும்புக் குழாயில் சட்டம் பற்றவைத்து, பழைய கஞ்சிலின் எஞ்சினையும் முன்பக்க உறுப்புகளையும் பூட்டிச் செய்த சிறு கார். பொதுச்சாலைக்கு வராமல் தோட்டத்துத் தனிப்பாதையில் மட்டும் ஓடுவது. அந்த வண்டியை வைத்து அவர் மூன்று தீர்ப்புகள் எழுதிவிட்டார். பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறதென்றால் டிஸ்க் வளைந்துவிட்டது, கடைந்து போடு அல்லது மாற்று. அதற்கும் அடங்காவிட்டால் ஹாஃப்-கட் கடையில் பெரிய டிஸ்க்கும் கேலிப்பரும் வாங்கி மாட்டு. அதற்கும் அடங்காவிட்டால், தோட்டத்துப் பையன்கள் கூடிப் பூட்டிய வண்டி அப்படித்தான் ஆடும், காசு சேர்த்துத் தொழிற்சாலையில் வந்த காரை வாங்கு.

முதல் தீர்ப்பு அரைகுறை அறிவு. இரண்டாவது ஆபத்து. மூன்றாவது அவமதிப்பு. இந்தத் தொழிலில் பல ஆண்டு இருந்தவர் என்பதாலேயே அவர் சொன்னதை நம்பிப் பணம் செலவழிக்கப்போகிறவர்கள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய வாதத்தின் முதுகெலும்பு ஒரே ஒரு சான்று: டிஸ்க்கை மாற்றினேன், ஆட்டம் நின்றது, ஆகவே டிஸ்க்தான் காரணம். சில மாதத்தில் ஆட்டம் திரும்பி வந்ததையும் அவரே எழுதுகிறார். திரும்பி வந்ததற்குக் காரணம் வண்டியின் பிறவிக் குணம் என்று முடித்துவிடுகிறார். ஒரு டிஸ்க் வளைந்தது தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஹப்பில் மாட்டிய அடுத்த டிஸ்க்கும் அதே போல் கெட்டால், கேள்வி கேட்கவேண்டியது டிஸ்க்கையா, ஹப்பையா? பால் வற்றிய ரப்பர் மரத்தில் மங்கை மாற்றி மாற்றி வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நடப்பது இதுதான். புது டிஸ்க் சுற்றிலும் ஒரே கனமாக வருகிறது. ஹப்பின் முகத்தில் பழைய துரு ஒட்டியிருந்தால் அது நேராக உட்காராது. 14 சென்டிமீட்டர் அகல ஹப்பின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் துருப்பொறுக்கு இருந்தால் போதும். 23 சென்டிமீட்டர் டிஸ்க்கின் விளிம்பில் அது 0.08 மில்லிமீட்டர் அலைவாகப் பெருகும். முதல் நாள் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் கேலிப்பர் தன் பின்களில் சறுக்கி அந்த அலைவுக்கு ஈடுகொடுத்துவிடும். ஆனால் பிரேக் மிதிக்காத நேரத்திலும் டிஸ்க்கின் துருத்திய பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை ஒருமுறை உரசிவிட்டுப் போகும். நாளடைவில் அந்த இடம் தேய்ந்து மெலியும், அல்லது பேடின் பொருள் அங்கே படிந்து தடிக்கும். கன வேறுபாடு 0.015 மில்லிமீட்டர் வந்தாலே பல கார்களில் காலுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். தலைமுடியின் கனத்தில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணால் பார்த்து, கையால் தடவி, 'வளைந்துவிட்டது' என்று சொல்கிறவர் எதைப் பார்த்தார், எதைத் தடவினார்?

ஆகவே புது டிஸ்க் போட்டதும் ஆட்டம் நிற்பதும், சில மாதத்தில் திரும்பி வருவதும் டிஸ்க்கின் குற்றத்துக்குச் சான்றாகா. பழுது டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கிறது என்பதற்குத்தான் சான்று. தன் கட்சிக்கு எதிரான சாட்சியைத் தானே கூண்டில் ஏற்றி, அது தனக்குச் சாதகமாகப் பேசியதாக எழுதியிருக்கிறார்.

ஃபோர்டு ஜிடி40 கார்கள் லே மான்ஸ் பந்தயத்தை வென்ற காலத்தில் அந்த அணியில் வேலை செய்த கேரல் ஸ்மித் என்ற அமெரிக்கப் பொறியாளர், வளைந்த டிஸ்க் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பேடின் பொருள் சீரில்லாமல் படிந்ததுதான் என்று எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். பந்தய மைதானம் வரை போகவேண்டாம். ஜெராய் மலைக்குக் காரில் போய் வருகிறவர்களைக் கேளுங்கள். 1,217 மீட்டர் உயர மலை. வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கிவந்து, குரூண் பக்கம் அடிவாரத்தில் பெடலை அழுத்தியபடியே நின்றால், கொதிக்கும் டிஸ்க்கில் பேடின் அச்சு அப்படியே பதியும். மறுநாள் டோலுக்கு முன்னால் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் உதறும். வளைந்தது எதுவுமில்லை. படிவு மெல்லியதாக இருந்தால், ஆளில்லாத பாதையில் நிற்காமல் பலமுறை வேகத்தைக் குறைத்துக் கூட்டி ஓட்டினாலே அது தேய்ந்து போய்விடும்.

காலம் கடந்துவிட்டால் கதை வேறு. ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய வார்ப்பிரும்பில் அங்கங்கே சிமென்டைட் என்ற கடினப் புள்ளிகள் உருவாகும். சுற்றியுள்ள இரும்பு தேய, அந்தப் புள்ளிகள் தேயாமல் மேடாக நிற்கும். கட்டுரையாளர் சர்வரோக நிவாரணியாகச் சொன்ன 'கடைதல்' மேல்தோலை மட்டுமே எடுக்கும். புள்ளி ஆழத்தில் இருந்தால் கொஞ்ச நாளில் அதே இடம் மறுபடி தலைதூக்கும். அங்கே டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சூடு அதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்காமல் மாற்றினால், பின்னில் துருவேறிச் சிக்கிக் கிடக்கும் கேலிப்பர் புது டிஸ்க்கையும் அதே போல் வறுத்தெடுக்கும். மழையும் சேறும் ஓயாத நம் ஊரில் சிக்கிய கேலிப்பர் அபூர்வமா என்ன?

உதறலின் தாளமே பாதி உண்மையைச் சொல்லிவிடும். 13 அங்குல ரிம்மில் ஓடும் சிறு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.7 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு 16 முறை சுற்றும், 50-இல் 8 முறை. வேகம் குறையக் குறைய உதறலின் தாளமும் குறைந்தால் பழுது சுழலும் பொருளில்: டயர், ரிம், ஹப், டிஸ்க். வேகம் எதுவானாலும் தாளம் மாறாமல் படபடவென்று அடித்தால் எங்கோ ஒரு மூட்டு தளர்ந்து, முன்பக்கம் தன் இயல்பான அதிர்வில் ஆடுகிறது. பெடல் காலைத் தட்டினால் டிஸ்க்கின் கனத்தை மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளக்கவேண்டும். பெடல் அமைதியாக இருந்து ஸ்டியரிங் மட்டும் துள்ளினால் லோவர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட், ரேக்கைப் பிடித்திருக்கும் பட்டை ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். பிரேக்கைத் தொடாமலே ஒரு வேகத்தில் ஆடினால் பேலன்சிங், கோணிய ரிம். தோட்டத்து வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. மழைக்காலச் செம்மண் சேறு ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்தாலே சக்கரத்தின் சமநிலை போய்விடும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் தீர்கிற ஆட்டத்துக்கு டிஸ்க் விற்றவர்கள் உண்டு.

இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் அந்த இளைஞர்களிடம் கேட்டதாகக் கட்டுரையில் இல்லை. எந்த வேகத்தில் ஆடியது, பெடல் தட்டியதா, எதுவும் இல்லை. டயல் கேஜ் என்ற சொல்லே இல்லை. சக்கர நட்டை எப்படி முடுக்கினார் என்பது மட்டும் போகிறபோக்கில் வருகிறது: ஏர் கன் வைத்து, ஒரே மூச்சில். சிறு கார்களில் பொதுவாக 100 நியூட்டன் மீட்டர் அளவில் முடுக்கவேண்டிய நட்டை, ஒன்றை இருமடங்கும் மற்றொன்றைப் பாதியுமாக முடுக்கினால் நல்ல டிஸ்க்கும் ஹப்பின் மேல் கோணிக்கொள்ளும். குறுக்கு வாட்டில், படிப்படியாக, டார்க் ரெஞ்சால் முடுக்கவேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். தான் உண்டாக்கியிருக்கக்கூடிய பழுதைத் தானே விற்று மாற்றியிருக்கிறார் என்ற சந்தேகத்துக்கு அவருடைய கட்டுரையே இடம்கொடுக்கிறது.

கையால் பூட்டிய கார் என்பதால் கூடுதலாகப் பார்க்கவேண்டியவை உண்டு. அவற்றையாவது எழுதியிருக்கலாம். ஓட்டுநரோடு 620 கிலோ எடையுள்ள அப்படியொரு காரைக் கடுமையாக நிறுத்தும்போது முன் டயர் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 170 கிலோ எடைக்குச் சமமான விசை பின்னோக்கி இழுக்கும். ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் ஆட்டிப்பார்த்து 'டைட்டாகத்தான் இருக்கிறது' என்று சொல்வது அந்த விசைக்குப் பக்கத்தில்கூட வராது. பழைய கஞ்சிலிலிருந்து கழற்றிய புஷ் ரப்பர் அந்த இழுப்பில் நசுங்கினால் லோவர் ஆர்ம் பின்னால் போகும், கேஸ்டர் கோணம் குறையும், ஸ்டியரிங் நேராக நிற்கும் பிடிப்பை இழந்து இருபுறமும் அடிக்கும். கம்பி கொடுத்து நெம்பிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும்.

அடுத்தது ரேக் பொருத்திய உயரம். தொழிற்சாலைக் காரில் அது கணக்கிட்டு வைத்த இடம். குழாய்ச் சட்டத்தில் சில மில்லிமீட்டர் மேலோ கீழோ போய்விட்டால், பிரேக்கில் மூக்கு தாழும்போது டை ராட் ஒரு வில்லிலும் லோவர் ஆர்ம் வேறொரு வில்லிலும் நகர்ந்து சக்கரங்கள் தாமாகவே திரும்பும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை அசைக்கவே மாட்டார், கார் மட்டும் அலையும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் ஒரு நேர்ப்பலகையைக் கட்டி, ஜாக்கியால் பத்துப் பத்து மில்லிமீட்டராக உயர்த்தி, பலகையின் முன்முனையும் பின்முனையும் எவ்வளவு நகர்கின்றன என்று குறித்துக்கொண்டால் போதும். ஒரு மாலைப்பொழுது வேலை. ரேக்கின் அடியில் ஒரு தகடு வைப்பதோடு தீர்ந்துவிடக்கூடிய பழுதுக்கு அந்தப் பையன்கள் புது டிஸ்க்குகளுக்குப் பணம் கட்டியிருக்கலாம்.

பெரிய பிரேக் போடச் சொன்னது இருப்பதிலேயே மோசமான யோசனை. கனமான காருக்குச் செய்த கேலிப்பரை லேசான காரில் மாட்டினால் முன்சக்கரங்கள் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும். பூட்டிய டயர் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகும், அதன் பிறகு பிரேக் இல்லாமலும் கார் உதறும். பெரிய டிஸ்க்குக்கு இடம் போதாமல் ஸ்பேசர் வைத்து ரிம்மை வெளியே தள்ளினால், இடதுக்கும் வலதுக்கும் உள்ள சிறு பிரேக் வேறுபாடுகூட நீண்ட நெம்புகோலில் ஸ்டியரிங்கை இழுக்கும். காரணம் தெரியாத ஆட்டத்தின் மேல் அதிக விசையை ஏற்றச் சொல்கிறார். உயிரோடு விளையாடும் ஆலோசனை இது.

இனி அந்த மூன்றாவது தீர்ப்பு. கையால் பூட்டிய கார் ஆடத்தான் செய்யும் என்கிறார். 1957-இல் இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் பெட்டியில் உறுப்புகளாகவே விற்கப்பட்டது. வீட்டுக் கொட்டகையில் பூட்டி ஓட்டினார்கள். 1973-இல் அதன் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் அந்தப் பரம்பரையை இன்னும் வளர்த்துவருகிறது. நம் நாட்டிலேயே கெப்போங்கில் புஃபோரி கார்கள் கையால்தான் செய்யப்படுகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? கெடாவிலேயே குரூண் ஆலையில் பெஜோ 206, நாசா பெஸ்தாரி என்ற பெயரில் பூட்டப்பட்டது. கூலிமில் இனோகோம் ஆலையில் பிஎம்டபிள்யூ கார்கள் பூட்டப்படுகின்றன. ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷே தன் காரைப் பூட்டத் தேர்ந்தெடுத்த முதல் இடமும் அதே கூலிம்தான். 2022-இல் அங்கிருந்து கயென் வெளிவந்தது. பிரித்த உறுப்புகளாகப் பெட்டியில் வந்திறங்கி, இந்த மாநிலத்து மக்களின் கையால் நட்டு முடுக்கப்பட்டு வெளியே போகும் கார்கள் அவை. அங்கே ஆடாத கார், பீடோங்கில் மட்டும் பிறவிக் குணத்தால் ஆடுமா? அங்கே ஒவ்வொரு நட்டுக்கும் முடுக்க அளவு உண்டு, ஒவ்வொரு கோணத்துக்கும் எண் உண்டு. அந்த இளைஞர்களிடம் குறைந்தது அதுதான். அதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர், அவர்கள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள் என்று பேசியிருக்கிறார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியான பிறகு நம் பிள்ளைகள் பலர் கைத்தொழிலை நம்பித்தான் பட்டணத்துக்கு வந்தார்கள். லோரி ஓட்டியவர்களும் ஆலைக்கொட்டகையில் எஞ்சின் பார்த்தவர்களும் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் குழாய் வாங்கி, பற்றவைத்து, ஓடக்கூடிய ஒரு காரைச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் காரில் பழுது இருக்கலாம். கடும் பிரேக்கில் ஆடுகிற வண்டியைச் சரிபார்க்காமல் வேகமாக ஓட்டக்கூடாது என்பதையும் அவர்களுக்கு அழுத்திச் சொல்வேன். ஆனால் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் பிறப்பைக் காரணமாகச் சொல்லித் தப்பிப்பதை ஒருபோதும் ஏற்கமாட்டேன். அந்த வரியை அவர் திரும்பப் பெறவேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பொமென் 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் ஹப் முகத்தைத் துடைத்து டயல் கேஜ் வைத்து அளந்தாரா, டிஸ்க்கின் கனத்தை எத்தனை இடத்தில் பார்த்தார் என்று கேளுங்கள். அளந்த எண்களைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போங்கள்.