சரம் தூரிலிருந்துதான் வரும்



போடிப் பக்கத்து ராசிங்காபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி, ஏலச்செடி ஓவியம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார். அண்ணனுக்கு அரசுப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினியில், கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்தது. ஏலச்செடி என்றதும் பலரும் இலை நுனியில் காயைத் தொங்கவிட்டுவிடுவார்கள். இவர் படத்தில் காய் பிடிக்கும் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கிறது. வெள்ளைப் பூவின் நடு இதழில் ஓடும் ஊதாக் கோடுகளும் தப்பவில்லை. போடிமெட்டு ஏறிக் காய் எடுக்கப் போகும் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்வந்தவராம்.

கூடவே ஒரு கேள்வி: “நான் வரையிறதைப் பதிவு பண்ணி, ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்ல சொல்லிக்கொடுக்க ஆசை. அதுக்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கணுமா சார்?”

வேண்டாம் தாயி. 2021 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து கிரிட்டாவிலேயே பதிவு வசதி இருக்கிறது. நீங்கள் வரைய வரையப் படமெடுத்து, கடைசியில் வேகமாக ஓடும் காணொளியாகக் கோத்துக் கொடுக்கும். ஆனால் அதில் உங்கள் குரல் சேராது. பேசிக்கொண்டே வரைய, திரையைக் குரலோடு பதிவுசெய்யும் ஓபிஎஸ் ஸ்டுடியோ இருக்கிறது, அதுவும் இலவசம். கணினி திணறினால் காணொளிக்கு 720p அளவும் நொடிக்கு 15 சட்டகமும் போதும், வரைதல் பாடத்துக்கு அது தாராளம். மின்விசிறியை நிறுத்திக்கொள்ளுங்கள். பதிவை ஓடவிட்டு, பேச ஆரம்பிக்கும் முன் ஐந்தாறு நொடி சும்மா இருங்கள். அந்த இடத்தை மாதிரியாகக் காட்டினால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருள் பின்னணி இரைச்சலைக் குறைத்துவிடும். பக்கத்து வீட்டுச் சேவலை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது!

இந்த மென்பொருள்களைப் பென்டிரைவில் போட்டுத் தோழிக்குக் கொடுத்தாலும் குற்றமில்லை. உரிமமே அதற்கு அனுமதி தருகிறது. ஓசியில் கிடைப்பது உருப்படாது என்கிறவர்களுக்கு ஒரு செய்தி: 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய ‘ஃப்ளோ’, பிளெண்டர் என்ற கட்டற்ற மென்பொருளில் உருவானது.

சொல்லிக்கொடுக்கும் முறைக்கு, மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா முன்னின்று நடத்திய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்களைப் பாருங்கள். கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர் என்று பட மென்பொருள்கள் பலவற்றுக்கும் உண்டு. தமிழிலும் நிறைய இருக்கின்றன. ஒரு பாடம் பத்து நிமிடம்தான் வரும். பேச வேண்டியதை முதலில் எழுதிவிடுவார்கள். அந்த மென்பொருளைத் தொட்டே பார்க்காத ஒருவர் அதைப் படித்து, அதன்படி செய்து பார்ப்பார். அவர் எங்கே முழிக்கிறாரோ அங்கே திருத்தம். அதன் பிறகே பதிவு. இந்த நடு வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தெருவில் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பிடித்து உட்காரவையுங்கள், போதும்.

ரேடியோத் தமிழ் வேண்டாம். “இந்த லேயரை மறைச்சுட்டு அடியில இருக்கிறதுல வரைங்க” என்று போடிப் பக்கத்துப் பேச்சிலேயே சொல்லுங்கள். கட்டளைப் பெயர்களை மட்டும் திரையில் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவற்றையும் தமிழாக்கினால் பிள்ளைகள் திரையில் தேடித் தவித்துப்போவார்கள்.

பேனா டேப்லட் வாங்க வசதியில்லாமல் மவுஸிலேயே வரைகிறவர்கள் நம் வாசகர்களில் நிறைய பேர் இருப்பீர்கள். கோடு நடுங்காமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்