முன்வினையும் முன்நோயும்

உலகத்தார் காயத்துக்குக் கட்டுப்போடும் துணி எங்கே பிறக்கிறது? இராசபாளையத்துக்காரரைக் கேட்டால் தயங்காமல் கைநீட்டுவார்: சத்திரப்பட்டியில், சமுசிகாபுரத்தில் என்று! தறியோசை ஓயாத ஊர்கள் அவை. பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் அங்கிருந்து மூட்டை மூட்டையாகப் புறப்படுகின்றன. கடல் கடந்தும் செல்கின்றன. அறுவைக் கூடத்தில் குருதியைத் தடுத்து உயிரைக் காக்கும் அந்த வெண்துணியை நெய்தவள், தன் உடலிலேயே கத்தி படவேண்டிய நாள் வந்தால் என்ன செய்கிறாள்? காதில் கிடந்ததைக் கழற்றி அடகுக் கடைக்கு அனுப்புகிறாள். அனுப்ப ஒன்றுமில்லையென்றால், "எல்லாம் தலையெழுத்து" என்று பாயில் சுருண்டு கொள்கிறாள்.

தலையெழுத்து! அதை எழுதியவன் பிரமன் என்றனர் புராணிகர். எழுதியவனைக் காட்டு, எழுத்தைக் காட்டு என்று கேட்டது நம் இயக்கம். விடை வரவில்லை, வராது. ஆனால் தோழர்களே, இன்று ஏழையின் தலையில் உண்மையாகவே எழுதுகிறவர்கள் முளைத்துவிட்டார்கள். அவர்கள் பிரமலோகத்தில் இல்லை. பெருநகரத்து மாடிக் கட்டடங்களில் இருக்கிறார்கள். எழுத்தும் கண்ணுக்குத் தெரிகிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்! பாலிசித் தாளின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

"முற்பிறவியில் நீ செய்த வினை இப்பிறவியில் நோயாக வந்தது, பொறுத்துக்கொள்" என்றார் புரோகிதர். "பாலிசி எடுக்குமுன்பே உனக்கு நோய் இருந்தது, பணம் தருவதற்கில்லை, பொறுத்துக்கொள்" என்கிறது காப்பீட்டுக் கம்பெனி. முன்வினை போயிற்று, முன்நோய் வந்தது! அன்றும் பழி நோயாளி மேல். இன்றும் நோயாளி மேல். (புரோகிதராவது தட்சிணை பெற்றுக்கொண்டு ஒரு பரிகாரம் சொல்வார்.) முன்பிருந்த நோய்க்கு நான்காண்டு வரை காத்திருக்க வைக்கலாம் என்றிருந்த விதியை, 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மூன்றாண்டாகக் குறைத்தது. நல்லது. ஆனால் சர்க்கரை நோய் மூன்றாண்டு வாசற்படியில் கைகட்டி நிற்குமா? சிறுநீரகம் தவணை கேட்குமா? முதலாளி நாடு என்று நாம் ஏசும் அமெரிக்காவே, 2010-இல் இயற்றிய சட்டத்தின்படி, முன்நோயைக் காட்டி ஆளைத் தள்ளும் வழக்கத்தை 2014 முதல் தடுத்துவிட்டது.

"நோய் வந்தபின் ஓடிவந்து சேருவாரே, நிதி திவாலாகாதா?" என்று கணக்கர் கேட்பார். கேள்வி பொருளற்றதன்று. விடை ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரில் இருக்கிறது. தேர் வேண்டுமா என்பது வேறு வழக்கு. வடத்தை மட்டும் பாருங்கள். பத்துப் பேர் பிடித்தால் அசையாத தேர், ஆயிரம் பேர் பிடித்தால் நகருகிறது. அந்த ஆயிரத்தில் வலுத்தவனும் உண்டு, நலிந்தவனும் உண்டு. சாதியைச் சொல்லி வடத்திலிருந்து விலக்கிய கண்டதேவியை நாடறியும். நோயைச் சொல்லி விலக்குகிறது கம்பெனி. எல்லோரையும் ஒரே நிதியில் சேர்த்துவிட்டால், திவால் அச்சத்துக்கு இடமேது?

சேர்த்துக் காட்டியது தமிழகம். 2009 ஜூலையில் கலைஞர் அரசு கொண்டுவந்த காப்பீட்டுத் திட்டம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு உயர் சிகிச்சைக் கதவைத் திறந்தது. கட்டணத்தை அரசு செலுத்தியது. 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018-இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என வளர்ந்தது. அதிலே முன்நோய் என்ற பேச்சே இல்லை. ஆக, முடியாதது அன்று, மனமில்லாதது!

ஆனால் பாராட்டிவிட்டுப் படுத்துறங்க நாம் அரண்மனைப் புலவரல்லர். அந்த அட்டை பெரும்பாலும் படுக்கையில் கிடத்தப்பட்டவனுக்கே பேசும். நடந்து வருகிற நோயாளிக்கு, அன்றாட மாத்திரைக்கு, ஊமை! பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் இறங்குவது ஒரே நாளிலா? திங்கட்கிழமை மூச்சு முட்டுகிறது என்பாள். செவ்வாய் சரியாகிவிட்டது என்பாள். பத்தாண்டு கழித்து ஏணிப்படி ஏற மாட்டாள். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய், தொழில் நோய் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே ஏறியிருக்கிறது. 1948-இல் பிறந்த தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குப் புறநோயாளி மருத்துவமும் தந்தது. நெடுங்காலம் நூற்பாலை ஊராக வாழ்ந்த இராசபாளையத்தில் அதன் பயன் கண்டோர் பலர். ஆனால் வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நான்கு தறி வைத்து ஓட்டுகிறார்களே, அவர்கள்? பத்துப் பேருக்குக் குறைந்த தறிக்கூடம் கட்டாயக் கணக்கில் வராது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் பெண்ணுக்கும் பல இடங்களில் அதே கதிதான். தூசிக்குத் தெரியுமா, ஒன்பது பேரா பதினோரு பேரா என்று?

அட்டை கையிலிருந்தாலே போதுமா என்பது அடுத்த கேள்வி. நம்மவர் அதிகம் கேட்காத கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், செண்பகத்தோப்பு. அங்கே பளியர் வாழ்கின்றனர். தேனெடுத்தும் வனப்பொருள் திரட்டியும் காலங்கழித்த மக்கள். அவர்கள் அட்டை பெற வருமானச் சான்று வேண்டும், குடும்ப அட்டை வேண்டும். முகாம் ஊருக்கு வந்தால் நல்லது, வராவிட்டால் விருதுநகர் ஆட்சியர் அலுவலகம் வரை பயணம் வேண்டும். ஒரு நாள் கூலி போயிற்று! இத்தனையும் தாண்டி மருத்துவமனை வாசலை மிதித்தால், "என்ன செய்யுது, சுருக்கமாச் சொல்லு" என்ற அதட்டல். அவன் நோயைச் சொல்லும் சொல் வேறு. வார்டு அறிந்த சொல் வேறு. இராசபாளையத்துத் தெருக்களில் துப்புரவு செய்யும் குடும்பங்களிலோ வீட்டு மொழி தெலுங்கு. வலியை எவரும் தாய்மொழியில்தான் முனகுவர்.

கலிபோர்னியாவில் 2003-இல் ஒரு சட்டம் செய்தார்கள். 2009 முதல் நடைமுறை. நோயாளியின் மொழியில் பேச மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது காப்பீட்டு நிறுவனத்தின் கடமை, செலவும் அதனுடையது என்றது அச்சட்டம். இங்கே? 2024 ஜனவரி முதல், பாலிசியின் சுருக்கக் குறிப்பை வாடிக்கையாளர் கேட்டால் வட்டார மொழியில் தரவேண்டும் என்று விதி. கேட்டால்! கேட்கலாம் என்று அவளுக்குச் சொன்னது யார்? தமிழ்நாட்டில் தமிழைக் கேட்டுப் பெறவேண்டும். ஆங்கிலம் மட்டும் கேளாமலே வந்து விழும்!

இங்கே நம் இளைஞருக்கு ஒரு சொல். மக்களின் பண்பாடறிந்து மருத்துவம் செய்க என்றால், "அப்படியானால் வேப்பிலை அடிப்பவனையும் வார்டுக்குள் விடலாமா?" என்று சீறுவர் சிலர். வேண்டவே வேண்டாம். மூடநம்பிக்கைக்கு ஒரு காசும் காப்பீட்டு நிதியிலிருந்து போகக் கூடாது. ஆனால் அம்மை கண்ட பிள்ளையை மடியில் வைத்து, "அம்மா வந்திருக்கா, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது" என்று நடுங்கும் தாயை எள்ளி நகைத்தால், அவள் கதவைச் சாத்திக்கொள்வாள்; பிள்ளையின் காய்ச்சல் கதவுக்குள்ளே ஏறும். அவள் மொழியில், அவள் பக்கத்தில் அமர்ந்து, வைரசு என்பதை விளக்கிச் சொல்லும் செவிலி வேண்டும். பெரியம்மையை இந்நாடு 1975-இல் வென்றது. வீடு வீடாக ஏறி இறங்கிய ஊழியர்களின் கால்கள் இல்லாமல் அந்த வெற்றி ஏது? அத்தகைய செவிலிக்கு ஊதியம் தருவது கம்பெனிக்கும் ஆதாயமே. முற்றிய நோய்க்கு லட்சம் கொடுப்பதைவிட, முளையிலே கண்டு நூறு செலவிடுவது மலிவு.

வேல்சு நாட்டில் திரெடிகார் என்றொரு சுரங்க ஊர். அங்கே தொழிலாளர் கூலியில் சிறுதுளி போட்டு, 1890-இல் மருத்துவ உதவிச் சங்கம் கண்டனர். அவ்வூரில் பிறந்த அனூரின் பெவன் அமைச்சரானார். 1948 ஜூலை 5-இல் பிரிட்டன் முழுவதற்கும் இலவச மருத்துவம் பிறந்தது. சிற்றூர்தான், சுரங்கத் தூசி தின்றவர்கள்தான்.

நம் அரசுத் திட்டத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போவது மக்கள் வரிப்பணம். ஆகவே கணக்கும் மக்களுக்கு வரவேண்டும். செண்பகத்தோப்பிலிருந்து சென்ற ஆண்டு அட்டையைப் பயன்படுத்தியோர் எத்தனை பேர்? சத்திரப்பட்டியிலிருந்து போன கோரிக்கைகளில் மறுக்கப்பட்டவை எத்தனை, காரணம் என்ன? பெண்கள் எத்தனை பேர், எந்தச் சாதியார் எத்தனை பேர்? ஊர்வாரியாகத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். அடுத்த ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாகவே அரசு எழுதட்டும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. இராசபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எழுதத் தெரிந்த இளைஞர் இருக்கின்றனர். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்.