தயிர்ப் புளிப்பும் கடற்கரைக் குப்பையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாணவர் சிலருடன் புதுப்பட்டினம் கடற்கரைக்குச் சென்றிருந்தேன். வலை உலர்த்தும் மணலிலே கிளிஞ்சலைக் காட்டிலும் பிளாஸ்டிக் உறைகளே மிகுதியாகக் கிடந்தன. ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். அலைகளுக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை போலும்!

"மக்கிப்போகும் பிளாஸ்டிக் செய்ய முடியாதா, ஸார்?" என்று கேட்டான் ஒரு பையன்.

முடியும். தயிரின் புளிப்புக்குக் காரணம் லாக்டிக் அமிலம். மதுராந்தகம் பக்கத்தில் விளையும் கரும்பின் சர்க்கரையைத் தக்க கிருமிகளைக் கொண்டு புளிக்க வைத்தாலும் அதுவே கிடைக்கும். அதன் மூலக்கூறுகளை இரண்டிரண்டாக வளையமாக்கிப் பின்பு அவ்வளையங்களைத் திறந்து நீளக் கோத்தால், 'பாலிலாக்டிக் அமிலம்' என்னும் பிளாஸ்டிக் உண்டாகிறது. வளையத்தைத் திறக்க ஒரு கிரியா ஊக்கி வேண்டும். ஆலைகளில் பெரும்பாலும் வெள்ளீய உப்பை உபயோகிக்கிறார்கள். உலோகம் சிறிது பொருளிலேயே தங்கிவிடுகிறது. உடலுக்குள் வைத்துத் தைக்கும் நூலுக்கு இது விரும்பத் தக்கதன்று.

2001-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெட்ரிக்கும் அவர் ஸகாக்களும், உலோகம் சிறிதுமில்லாத கரிம ஊக்கியால் இதே வேலையைச் செய்து காட்டினார்கள். ஸ்டான்போர்டு பேராசிரியர் ராபர்ட் வேமத்தும் அவரும் சேர்ந்து இத்துறையை வளர்த்ததற்காக 2012-ல் பசுமை ரஸாயனப் பரிசு பெற்றார்கள்.

இதன் விசேஷம் என்ன? நூறு பெண்களிடம் நூறு நார் கொடுத்து, பதினாயிரம் மலர்களை நடுவே குவித்து, ஒரே சமயத்தில் தொடுக்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் தொடுத்தால் ஒவ்வொரு சரத்திலும் ஏறக்குறைய நூறு மலர் இருக்கும். நல்ல ஊக்கியும் சங்கிலிகளை இவ்வாறே சமமாக வளர்க்கும். கட்டின சரத்தை அறுத்துக் குழப்பாது. சங்கிலியின் நீளத்தைப் பொறுத்தே பொருளின் உறுதியும் அது சிதையும் காலமும் அமைவதால், இந்தக் கட்டுப்பாடு மிகவும் அவசியம்.

ஆனால் பையனிடம் உண்மை முழுவதையும் சொல்ல வேண்டுமல்லவா? இந்தப் பிளாஸ்டிக் விரைவில் மக்குவதற்கு ஈரமும் ஏறக்குறைய 60 டிகிரிச் சூடும் உள்ள உரக்கூடம் வேண்டும். கடலிலே எறிந்தால் வருஷக் கணக்கில் கிடக்கும். வேறு வளையங்களையும் இடையிடையே கோத்து, எளிதில் சிதையும் சங்கிலிகளைச் செய்ய ரஸாயன நிபுணர்கள் முயன்று வருகிறார்கள்.

பையன் சற்று யோசித்தான். "அப்படியானால் இன்றைக்குக் கிடப்பதை யார் எடுப்பது, ஸார்?" என்றான்.

பதில் சொல்லாமல் கோணிப்பையைத் தேடினேன்.