கால் நிலத்தில் படாமல்

காபரேற்றருக்குள் இருக்கும் ஜெற் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. நடுவில் உள்ள துவாரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் எம்.டி. 90 ஐக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த ஜெற்றை உள்ளங்கையில் வைத்தபடி வேப்பமரத்தின் கீழ் இருந்தேன். மருமகன் பழைய பிறேக் கேபிளில் இருந்து ஒரு கம்பி இழையைப் பிரித்துக்கொண்டு வந்து நீட்டினான்.

"உருக்குக் கம்பி வேண்டாம், அது பித்தளையைத் தின்னும். துவாரம் பெருத்தால் பெற்றோல் கூடப் போகும். லைற் வயருக்குள்ள இருக்கிற செப்பு இழை ஒண்டு எடுத்துக்கொண்டு வா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. முப்பது வருசத்துக்கு முன்னம் வட்டக்கச்சியில், கிடுகுக் கொட்டில் ஒன்றுக்குள் இருந்து மெக்கானிக் அண்ணை எனக்குச் சொன்னதை, ஒரு சொல்லும் மாறாமல் நான் சொல்லியிருக்கிறேன்.

எம்.டி. 90 ஐத் தெரியாதவர் எங்கள் பக்கம் இல்லை. ஜப்பானில் தபால்காரருக்கென்று ஹொண்டா செய்த சிவப்பு வண்டி. 1958 இல் வந்த சூப்பர் கப்பின் பரம்பரை. அந்தப் பரம்பரையில் மட்டும் 2017 இற்குள் பத்துக் கோடி வண்டிகள் செய்து முடித்திருக்கிறார்கள். எம்.டி. 90 இன் எஞ்சின் 89 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்துக் கிடக்கும். அதனால் பாரமெல்லாம் நிலத்துக்குக் கிட்ட. சின்னச் சில்லு. கையால் பிடிக்கிற கிளச் கிடையாது, கியரைக் காலால் மிதித்தால் போதும். கடிதப் பை வைக்கச் செய்த முன் கரியர் உண்டு. ஜப்பானில் கடிதம் சுமந்து முடித்த பிறகு பாவித்த வண்டியாகக் கப்பலேறி வந்து, வன்னியில் நெல்மூட்டை, பால்கான், விறகு, மீன்பெட்டி, பிரசவ வலி வந்த பெண், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் என்று எல்லாவற்றையும் அது சுமந்தது.

1990 இல் போர் மறுபடி தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா எதுவும் வடக்குக்கு வரக்கூடாது. பெற்றோல் போத்தல் கணக்கில் விற்ற காலம் போய், சொட்டுக் கணக்கில் வந்து நின்றது. அப்போதுதான் எங்கள் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு அந்தப் புகையின் மணம் இன்னும் மூக்கில் இருக்கும்.

அதன் சூட்சுமத்தை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். எழுதாமல் விட்டால் இன்னும் இருபது வருசத்தில் இதைச் சொல்ல ஆள் இராது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே ஆறிக் கிடக்கிற எஞ்சின் அதில் ஸ்ரார்ட் ஆகாது. சின்ன சென்ற் போத்தல் ஒன்றில் பெற்றோல் வைத்திருப்போம். காபரேற்றரின் வாயில் ஒரு பீச்சுப் பீச்சிவிட்டு உடனே கிக்கரை உதைக்க வேண்டும். அந்தச் சொட்டுப் பெற்றோலில் எஞ்சின் எழும்பும். அது அடங்குவதற்குள் அக்சிலேற்றரைப் பிடித்துச் சூடேற்றிவிட்டால், பிறகு தாங்கியில் உள்ள மண்ணெண்ணெயிலேயே ஓடும். மண்ணெண்ணெய் அமுக்கம் தாங்காது, எஞ்சின் "டக் டக்" என்று தட்டத் தொடங்கும். அதற்காகச் சிலிண்டர் தலைக்குக் கீழ் இன்னொரு காஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைப்பார்கள். பிளக்கில் கரி பிடிக்கும். கழற்றி நெருப்பில் வாட்டி, இரும்பு அறுக்கும் வாளின் அலகை நடுவில் விட்டு இடைவெளி பார்ப்பார்கள். அந்த அலகின் தடிப்பும் பிளக்குக்கு வேண்டிய இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையத்தைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கிவிடும். ஒயில்குச்சியை இழுத்து விரலில் தேய்த்து மணந்து பார்த்தே மெக்கானிக் அண்ணை, "இனி மாத்த வேணும்" என்பார்.

இதில் எவரும் அதிகம் பேசாத ஒரு விசயம் உண்டு. மண்ணெண்ணெயில் ஓடுகிற வண்டி வழியில் நின்றால், மீண்டும் எழுப்ப இன்னொரு பீச்சுப் பெற்றோல் வேண்டும். சென்ற் போத்தலில் இருப்பதோ நாலைந்து பீச்சு. தண்ணிமுறிப்புப் பக்கத்துச் சேற்றிலோ, குமுழமுனைக் காட்டுப்பாதையின் பாலை வேருக்கு நடுவிலோ, கடற்கரை மணலிலோ எஞ்சினை நிற்க விடக்கூடாது. வேகமாகப் போகவும் முடியாது. ஷெல் விழுந்த கிடங்கும் உழவு இயந்திரம் கிழித்த தடமும் விடாது. காலை ஊன்றினால் சறுக்கி விழுவோம், விழுந்தால் எஞ்சின் நிற்கும். ஆகவே நடந்து போகிறவனைவிட மெதுவாக, கால் இரண்டும் மிதியில், எஞ்சின் சாகாமல், உடம்பாலேயே பாரத்தைச் சரித்துச் சரித்து ஓட்டப் பழகினோம்.

உலகத்தில் இதற்கென்றே ஒரு விளையாட்டு இருப்பது பின்னாளில்தான் எனக்குத் தெரியவந்தது. அதை ட்ரையல்ஸ் என்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரை மையமாக வைத்து ஆறு நாள் நடக்கும் போட்டி அதில் பேர்போனது; அதன் வேர் 1909 வரை போகிறது. முந்திப் போனவருக்கு அங்கே பரிசில்லை. பாறை, ஓடை, சேறு என்று சின்னச் சின்னத் துண்டுகளாக வழியைக் கயிறு கட்டிப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நடுவர் நிற்பார். கால் ஒருதரம் நிலத்தில் பட்டால் ஒரு புள்ளி தண்டம், இரண்டு தரம் பட்டால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை தரமென்றாலும் மூன்று. வண்டி நின்றாலோ விழுந்தாலோ ஐந்து. கடைசியில் தண்டம் குறைந்தவர் வென்றவர். எங்கள் கணக்கில் அந்த ஐந்து என்பது ஒரு பீச்சுப் பெற்றோல்.

அந்தப் போட்டியின் கதையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு பெயரும் வருகிறது. 1952 இல் ஸ்கொட்லாந்து ஆறு நாள் போட்டியை ஜொனி பிரிட்டன் என்ற இளைஞர் ரோயல் என்ஃபீல்ட் புல்லட்டில் வென்றார். 1957 இலும் வென்றார். 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் செய்யத் தொடங்கிய புல்லட்டுக்கு அது மூத்த அண்ணன். 2019 இல் அந்த நினைவுக்கு மரியாதையாக புல்லட் ட்ரையல்ஸ் என்றே ஒரு வண்டியை ரோயல் என்ஃபீல்ட் கொம்பனி விட்டது. வட அயர்லாந்துக்காரரான சமி மில்லர் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். 500 சி.சி. ஏரியல் வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, கழற்றக்கூடியதைக் கழற்றி, மாற்றக்கூடியதை இலேசான உலோகத்தில் மாற்றி, வருசக்கணக்காக அதை மெலிய வைத்து வென்றுகொண்டிருந்தார். பிறகு ஸ்பெயின் நாட்டு புல்டாகோவுக்குப் போய், ஷேர்பா என்ற இலேசான இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கி, 1965 இல் அதிலேயே ஆறு நாள் போட்டியை வென்றார். பாரமான பிரிட்டிஷ் வண்டிகளின் காலம் அதோடு முடிந்தது. இன்று 1965 இற்கு முந்திய வண்டிகளுக்கென்று அங்கே தனிப் போட்டி வைக்கிறார்கள். பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் கூடி, மிதியைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தி, சைலன்சரை உயர்த்தி, பின் பல்லுச்சில்லைப் பெருப்பித்து, ரயரில் காற்றைக் குறைத்து, பாறையில் ஏற்றுகிறார்கள்.

வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதையெல்லாம் மெக்கானிக் அண்ணை செய்தவர். சேறு அடைக்கிறதென்று முழங்கால் மறைப்பைக் கழற்றினார். வாய்க்கால் தண்ணீருக்குத் தப்பச் சைலன்சர் வாயில் குழாய் ஒட்டி மேலே வளைத்தார். எஞ்சின் தாழ்வாகக் கிடப்பதால் பிளக் மூடியில் தண்ணீர் ஏறும். பழைய ரியூப்பை வெட்டி அதற்குச் சட்டை போட்டார். நெல்மூட்டையோடு குளக்கட்டில் ஏற வேண்டுமென்றால் முன் பல்லுச்சில்லில் ஒரு பல் குறைந்ததைப் போடுவார். "பின்னால இரண்டு மூண்டு பல்லுக் கூட்டுறதும் முன்னால ஒரு பல்லுக் குறைக்கிறதும் ஒண்டுதான் தம்பி. முன்னுக்குள்ளது சின்னன், கெதியாய்ச் செய்துபோடலாம்." 1960 அளவில் அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் ஒரு விற்பனையாளர் மலைவழியில் ஓட்டுகிறவர்களுக்காகச் சூப்பர் கப்பில் பெரிய பல்லுச்சில்லைப் போட்டு விற்றார், அதைப் பார்த்துத்தான் ஹொண்டாவே 1961 இல் காட்டுவழி வண்டியை இறக்கியது. அதில் பின்சில்லில் இரண்டு பல்லுச்சில்லுகள், றோட்டுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று. சொந்தக்காரரே செயினை நீட்டி மாற்றிக்கொள்ளலாம். ஐடகோக்காரரின் யோசனை கொம்பனி வரை போய் வண்டியாயிற்று. வட்டக்கச்சி யோசனை கொட்டிலைத் தாண்டவில்லை என்ற ஆதங்கம் எனக்கு நிறைய உண்டு.

2008 கடைசியில் நாங்கள் இடம்பெயர்ந்தோம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒடுங்கிக்கொண்டே போன பாதையில் அப்பா எங்களையும் சாமான்களையும் முறை வைத்து அந்த வண்டியில் ஏற்றி இறக்கினார். சனத்துக்கும் உழவு இயந்திரங்களுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் நடுவில், ஓர் அடி, இரண்டு அடி என்று நகர்ந்தது அது. கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலில் விட்டுவிட்டு, வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தோம். பிறகு அந்தப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள்: எரிந்த பேருந்துகள், சைக்கிள்கள், மோட்டார் சைக்கிள்கள், துருவேறிக் குவியல் குவியலாக. மெனிக் பாம் முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு அப்பா அந்தக் குவியல்களுக்கு நடுவே நடந்து தேடினார். கிடைக்கவில்லை. ஒரே மாதிரியான எத்தனையோ எம்.டி. 90 கள் கிடந்தன என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்போது எங்கள் வளவில் நிற்பது பிறகு வாங்கியது.

மெக்கானிக் அண்ணை வெளிக்கிடும்போது ஸ்பனர் பெட்டியை எரிந்த ஒயிலில் ஊறின சாக்கால் சுற்றி, கிணற்றடி வாழைக்குக் கீழ் புதைத்திருக்கிறார். திரும்பி வந்து கிண்டினால் வீட்டில் கூரையில்லை, வாழையில்லை. பெட்டி இருந்தது. திறந்தபோது ஒரு ஸ்பனரிலும் துருவில்லை. அடுத்த கிழமையே மரத்தடியில் கராச் தொடங்கிவிட்டார்.

2022 இல் நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். எங்கள் எம்.டி. 90 இற்கு அது தாராளம். மண்ணெண்ணெயில் ஓடுகிற வித்தையைக் கேட்டுப் பெடியன்கள் அண்ணையிடம் வந்தார்கள். ஆனால் மண்ணெண்ணெய்க்கே அப்போது தட்டுப்பாடு. அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவது, ரயருக்குச் சரியாகக் காற்று வைப்பது, செயினுக்கு ஒயில் போடுவது என்று சிக்கனத்தைத்தான் அவர் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது எங்கள் பெடியன்கள் லீசிங்கில் பெரிய வண்டி எடுக்கிறார்கள். எடுக்கட்டும், உழைத்து எடுக்கிறார்கள். ஏ9 வீதி காப்பெற்றாகி நீட்டுக்குக் கிடக்கிறது, வேகமும் தானாக வருகிறது. ஆனால் மெதுவாக ஓட்டத் தெரியாமல் வேகமாக மட்டும் ஓட்டப் பழகிய பிள்ளைகளின் செத்தவீடுகளுக்கு நான் போயிருக்கிறேன், அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். மாடு குறுக்கே வரும்போது உடம்பையும் பிறேக்கையும் சேர்த்துப் பாவிக்கிற பழக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால்தான் மூன்று மாதமாக, ஞாயிறு பின்னேரங்களில், தண்ணீர் இல்லாத எங்கள் கிளை வாய்க்காலுக்குள் மருமகனையும் அயல் பிள்ளைகள் நாலு பேரையும் இறக்கிவிட்டிருக்கிறேன். பூவரசம் தடி நட்டு வழி குறித்திருக்கிறோம். பின் ரயரில் காற்றைக் குறைப்போம், ஆனால் மட்டாக. கூடக் குறைத்தால் ரயர் றிம்மில் வழுகி ரியூப்பின் வால்வைப் பிடுங்கிவிடும். வாய்க்கால் கட்டில் கதிரை போட்டு மெக்கானிக் அண்ணை இருப்பார். அவர்தான் நடுவர்.

அன்றைக்கு ஜெற்றை ஊதித் துடைத்துப் பூட்டி முடிக்க நாலரை மணியாகிவிட்டது. மருமகன் முதல் நாலு தரமும் மூன்றாவது தடியடியில் எஞ்சினை நிற்பாட்டினான். அங்கே ஒரு மருதவேர் குறுக்கே ஓடுகிறது.

"தம்பி, வேரைப் பாராதை. வேருக்கு அங்கால நீ போகப்போற இடத்தைப் பார். அக்சிலேற்றரை விடாதை. பின்பிறேக்கை இலேசாய்த் தொட்டுக்கொண்டு வா."

ஐந்தாம் தரம் மிதியில் எழும்பி நின்றான். முன்சில்லு வேரில் ஏறி இறங்கியது. பின்சில்லு ஏறும்போது எஞ்சின் சத்தம் தாழ்ந்து, விக்கி, அடங்கப் போய், திரும்பவும் பிடித்துக்கொண்டது. இடது கால் மிதியை விட்டு வெளியே வந்து, காற்றில் ஆடி, மணலை ஒரு கணம் தொட்டுவிட்டுத் திரும்பப் போனது. கடைசித் தடியைத் தாண்டி வந்து, முகமெல்லாம் சிரிப்பாக அண்ணையைப் பார்த்தான்.

அண்ணை ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். "ஒண்டு. இன்னொருக்கால் வா."