போதையில் சிக்கியவரை ஈமான் இல்லாதவர் என்று ஒதுக்காதீர்!

"ஈமான் உறுதியாக இருந்தால் சிகரெட்டை இன்றே விட்டுவிடலாமே!" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அருமைச் சகோதர சகோதரிகளே, இந்தச் சொல் திருந்த நினைப்பவரையும் பள்ளிவாசலை விட்டு விரட்டிவிடும் என்பதைச் சிந்தித்ததுண்டா?

புகையும் போதையும் தீங்கு என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் இன்பத்திற்காகத் தொடங்கிய செயல், நாளடைவில் மூளையில் பழக்கமாகப் படிந்துவிடுகிறது. பிறகு இன்பம் இல்லாவிட்டாலும் கை தானாக நீள்கிறது. மூளையில் இன்சுலா என்னும் பகுதி சேதமுற்ற புகைப்பிடிப்போர் சிலருக்கு அந்த வேட்கையே அற்றுப்போனதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இது மன உறுதியை மட்டும் பொறுத்ததன்று. உடலையும் பற்றிய நோய்.

அறுவையோ மயக்க மருந்தோ இன்றி, தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளால் இத்தகைய பகுதிகளைத் தூண்டும் சிகிச்சை இன்று உள்ளது. புகைப்பழக்கத்தை விடுவதற்கான குறுகியகாலத் துணையாக 2020இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதியளித்தது. 262 பேர் பங்கேற்ற ஆய்வில், நான்கு வாரங்கள் தொடர்ந்து புகையைத் தவிர்த்தோர் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 19 சதவீதம். போலித் தூண்டல் பெற்றவர்களில் 9 சதவீதம்.

"இது இறைவனின் படைப்பில் கை வைப்பதல்லவா?" என்போர் உண்டு. முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவதும் அவ்வாறுதானா? நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே.

"இனி இயந்திரம் போதும், தவ்பா எதற்கு?" என்போருக்கும் அதே ஆய்வு பதில் சொல்கிறது. சிகிச்சை பெற்றவர்களிலும் பெரும்பாலோர் விடவில்லை. பங்கேற்றவர்களோ விட வேண்டும் என்ற எண்ணத்துடன் வந்தவர்கள். அவர்களுக்கு ஆலோசனையும் வழங்கப்பட்டது. நிய்யத்தின் இடத்தை எந்தக் காந்தமும் நிரப்பாது.

மதுவைக்கூட அல்லாஹ் ஒரே நாளில் தடுக்கவில்லை. பாவம் பெரிது என்று முதலில் உணர்த்தி, போதையோடு தொழுகையை நெருங்காதீர் என்று அடுத்துக் கட்டுப்படுத்தி, பின்னரே முற்றாக விலக்கினான். படைத்தவனே அடியார்களின் பழக்கத்தை அறிந்து அவகாசம் தந்திருக்க, ஒரே நாளில் திருந்து என்று அதட்ட நாம் யார்?

உங்கள் வீட்டுப் பிள்ளை வழுக்கினால் ஏசாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தொழுகையில் பக்கத்தில் நிறுத்துங்கள், துஆச் செய்யுங்கள். வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.