தக்காளிக் கடிகாரமும் ஒரு நாற்காலியும்

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் "எப்படிப்பா படிக்கிறே?" என்று கேட்டால், இப்போது "பொமோடோரோ, தாத்தா" என்கிறார்கள். 25 நிமிஷம் வேறு எதையும் தொடாமல் படிப்பு, பிறகு 5 நிமிஷம் ஓய்வு. இப்படி நாலு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீண்ட ஓய்வு. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றைத் திருகி வைத்துப் படித்ததில் பிறந்த முறை இது. பொமோடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க அகராதி தேவைப்படவில்லை. 'பொம்' ஆப்பிள், 'ஓர்' பொன்.

முறையில் எனக்குக் குறை ஏதும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பேரேடுகளோடு குப்பை கொட்டியவன் நான். இரண்டு பக்கம் கூட்டிச் சரிபார்த்ததும் பேனாவை மூடி வைத்து, எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். சற்று ஆறிய கண்ணுக்குத்தான் மூன்றும் எட்டும் வேறு வேறாகத் தெரியும். என் சண்டை வேறு இடத்தில்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம் நாழிகை 24 நிமிஷம். ஆகவே வெள்ளைக்காரனுக்கு முன்பே இதை நம் முன்னோர் கண்டுபிடித்துவிட்டார்களாம். நண்பர்களே, நாழிகை என்பது ஒரு நாளை 60 பங்காக்கிய அளவு, அவ்வளவுதான். ஒரு நாழிகை உழைத்தவனை உட்கார வை என்று அது சொல்லவில்லை. நம்மவர்கள் ஓய்வின் அருமையை அறிந்திருந்தது கிணற்றடியில். கமலை இறைக்கையில் மாட்டுக்கு மூச்சு வாங்கினால் வடத்தை நிறுத்தினார்கள். ஏற்றம் இறைத்தவர்கள் பாட்டிலேயே சால் எண்ணிக்கை வைத்தார்கள். அந்தப் பெருமையைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

அதைவிடப் பெரிய சண்டை ஒன்று உண்டு. இந்த முறையை யாருக்கு உபதேசிக்கிறோம்? கடிகாரம் தன் கையில் இருப்பவனுக்கு மட்டும்தானே! கடிகாரம் அடுத்தவன் கையில் இருப்பவர்களுக்கு 5 நிமிஷத்தை யார் கொடுப்பது?

ராயகிரி, சிவகிரிப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் ஜவுளிக் கடை வேலைக்குப் போகிறார்கள். காலையில் ஏறி நின்றால் இரவு கடை சாத்தும்வரை நிற்பதுதான் அந்த வேலை. கடையில் வேலை செய்பவர் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று சட்டம் திருத்தக் கேரளத்துக்கு 2018 வரை ஆயிற்று, தமிழ்நாட்டுக்கு 2021 வரை ஆயிற்று. உட்காருவதற்கே சட்டம் போட வேண்டியிருந்தது! ஆலைத் தொழிலாளியைத் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அதுவும் யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. நான் படித்து வளர்ந்த புதுச்சேரியில், எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் 1937-ல் எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. ஓய்வு என்பது உயிர் கொடுத்து வாங்கிய உரிமை, நண்பர்களே. அதைக் கைப்பேசிக்குள் ஒரு தக்காளிப் படமாகச் சுருக்கி, "கவனம் இல்லையா? இதை வாங்கிப் போட்டுக்கொள்" என்று விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். பையனுக்கு 5 நிமிஷ மணி அடித்ததும் காப்பி கொண்டுவந்து நீட்டுவது யார்? அடுப்படியில் நிற்கும் தாய்க்கு அந்த மணி என்றைக்காவது அடித்தது உண்டா? பீடி சுற்றும் வீட்டில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கை நின்றால் காசும் நின்றது. அவளிடம் போய் 25-க்கு 5 என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பாள்.

"அவர்களுக்கும் நமக்கும் என்ன? பிள்ளை படிக்கட்டுமே" என்று சிலர் கேட்பார்கள். படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும். தன் மணி அடித்ததும் அவனே எழுந்து போய்க் காப்பி போடட்டும். அம்மாவுக்கும் ஒரு தம்ளர் கொடுத்து உட்கார வைக்கட்டும். நாமும் பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். அடுத்த முறை வேட்டி சேலை எடுக்கத் தென்காசிக்கோ சங்கரன்கோவிலுக்கோ போனால், துணியைப் பிரிக்கச் சொல்லும் முன் அந்தப் பெண் உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். வயசானவர்கள் கேட்டால் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சம் நல்லது.