உலையில் நோட்டு வேகுமா?

தோழனே!

நிதியமைச்சர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவுத் திட்டம் வாசிக்கின்றனர். புகைப்படக்காரர்கள் சூழ்ந்து நிற்க, புன்முறுவலோடு பை தூக்கி வருகின்றனர். பற்றாக்குறை விழுந்தால் கடன் பத்திரம் வெளியிடுகின்றனர். பாராட்டுவோர் பாராட்ட, பழிப்போர் பழிக்க, படுத்தால் உறக்கம் வருகிறது அவர்களுக்கு.

நம் புதுவையில், முதலியார்பேட்டைச் சந்துகளிலும் முத்தியால்பேட்டைத் தெருக்களிலும், வீட்டுக்கு ஒரு நிதியமைச்சர் இருக்கிறார். திங்கள்தோறும் திட்டம் தீட்டுகிறார். கையில் பை உண்டு. அது மளிகைப் பை. பற்றாக்குறை விழுந்தால் வெளியிட அவரிடம் பத்திரம் இல்லை. தன் தட்டில் விழவேண்டிய சோற்றைக் குறைத்துக்கொண்டு, "எனக்குப் பசியில்லை" என்று பொய் சொல்கிறார். அவரைத்தான் நீயும் நானும் அம்மா என்று அழைக்கிறோம்!

அவள் கணக்கைப் பார்த்திருக்கிறாயா, தோழனே? முதல் தேதி அரிசி. அடுத்து எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய். அதற்குமேல் எரிவாயு உருளை. பத்தாம் தேதிவரை சாம்பார். இருபதுவரை ரசம். பிறகு கருவாட்டுக் குழம்பு. கடைசி நாட்களில் பழைய சோறும் பச்சை மிளகாயும். பெரிய மார்க்கெட்டுக்குக் காய் வாங்கக் கடை கட்டும் நேரத்தில் போகிறாள். அப்போதுதான் விலை இறங்கும். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுகிறாள். மாதக் கடைசியில் அந்தப் பிடியரிசிதான் மானம் காக்கும். அதுவும் தீர்ந்தால் மளிகைக்கடையின் பற்று நோட்டு. அதில் பெயர் ஏறும்போது அவள் தலை தாழ்கிறது.

கல்லூரியை இரண்டாம் ஆண்டிலேயே விட்டு வெளியேறியவன் நான். பொருளாதாரப் பட்டம் என்னிடம் இல்லை. ஆனால் என் தாயின் அடுப்படியில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஏழையின் கணக்கில் எல்லாம் ஆடும். ஆடாத தூண் ஒன்று வேண்டும். அந்தத் தூணுக்குப் பெயர் ரேஷன் அரிசி. அரிசி இருக்கிறது என்ற உறுதி இருந்தால், குழம்புக்கு வழி தேடலாம். அரிசியே ஐயம் என்றால், எதற்கு வழி தேடுவது?

அந்தத் தூணைத்தான் பெயர்த்தார்கள்!

2013இல் நாடாளுமன்றம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ என்றது. சட்டத்தின் பெயர் உணவுப் பாதுகாப்பு. பணப் பாதுகாப்பு அன்று. ஆயினும் 2015இல் ஒன்றிய அரசு விதி வகுத்தது: தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடலாம் என்று. சோதித்துப் பார்க்க ஊர் வேண்டுமே! உத்தரப் பிரதேசத்தைத் தொட்டார்களா? பீகாரைத் தொட்டார்களா? இல்லை. 2015 செப்டம்பரில் சண்டிகரையும் புதுச்சேரியையும் எடுத்துக்கொண்டார்கள். வாய் உண்டு, வலு இல்லை. புதுவைக்குச் சட்டமன்றம் உண்டு, சாவி வேறிடம். அதுதானே ஒன்றிய ஆட்சிப்பரப்பின் இலக்கணம்!

தருவதாகச் சொன்ன தொகைக்கு அளவுகோல் என்ன தெரியுமா? குறைந்தபட்ச ஆதரவு விலையின் ஒன்றேகால் மடங்கு. அதில் வழங்கல் விலையைக் கழித்தால் மிச்சம். தோழனே, நம் வீட்டுப் பெண்கள் அரிசி வாங்குவது ஆதரவு விலையிலா, அண்ணாச்சி கடை விலையிலா?

புதுவை அரசின் இலவச அரிசிக்கும் அதே கதி நேர்ந்தது. 2016 முதல் 2021 வரை நாராயணசாமி அமைச்சரவை அரிசி தருவோம் என்றது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணமே தரவேண்டும் என்றார். கோப்பு போயிற்று, கோப்பு வந்தது, அரிசி வரவில்லை. வழக்கு டில்லிக்குப் போயிற்று; டில்லி பணத்தின் பக்கம் நின்றது. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் முதலமைச்சரின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மக்கள் வாக்களித்து அமர்த்திய அமைச்சரவைக்கு, அந்த மக்களுக்கு அரிசியா பணமா என்று தீர்மானிக்கும் அதிகாரம்கூட இல்லை என்றாயிற்று!

சிவப்பு அட்டைக்கு அன்று மாதம் 600 ரூபாய். மஞ்சள் அட்டைக்கு 300. சிவப்பு அட்டைக்குரிய அரிசி 20 கிலோ. வகுத்துப் பார். கிலோ 30 ரூபாய். கடையில் கிலோ 50 என்றால் அந்த 600 ரூபாய்க்கு 12 கிலோ. 60 என்றால் 10 கிலோ. இருபது பத்தாகும் இந்த வித்தையைத் தெருவில் செய்தால் மோடி மஸ்தான் என்போம். அரசாணையில் செய்தால் சீர்திருத்தமாம்!

காட்சி ஒன்று சொல்கிறேன், கேள். மேடையில் ஓர் அதிகாரி. எதிரே ஒரு தாய்.

"அம்மா, உங்கள் கணக்கில் பணம் போட்டுவிட்டோம். இனி நீங்கள் விரும்பியதை வாங்கலாம். இது சுதந்திரம்."

"ஐயா, அரிசி விலை ஏறினால் பணமும் ஏறுமா?"

"அதற்கு விதியில் இடமில்லை."

"பணம் விழ மூன்று மாதம் பிந்தினால், வயிறும் மூன்று மாதம் காத்திருக்குமா?"

"அது தொழில்நுட்பக் கோளாறு."

"அப்படியானால் ஐயா, என் பிள்ளைகளுக்குப் பசி எடுப்பதும் தொழில்நுட்பக் கோளாறுதானா?"

திரை விழுகிறது. ஆனால் இது நாடகமன்று. என் தாய் ஒரு வங்கியின் வாசலில், கையில் புத்தகத்தோடு, "விழுந்துவிட்டதா?" என்று கேட்டு நின்ற நாட்களை நான் அறிவேன். அரிசி வந்ததா என்று கேட்ட வாய், பணம் விழுந்ததா என்று கேட்கப் பழகியது. பேருந்துக்குக் கொடுத்தது ஒரு பங்கு. வேலை கெட்டதில் போனது ஒரு பங்கு.

எதிர்த்தரப்பார் கேள்வியையும் மறைக்கமாட்டேன். "ரேஷன் அரிசி புழுத்துக் கிடந்ததே, கடத்தப்பட்டதே!" என்கின்றனர். கடத்தலும் நடந்தது, புழுத்ததும் வந்தது. அதற்குப் பரிகாரம் நல்ல அரிசியா, மூடிய கடையா? மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதா? "பணமே மேல் என்று சொல்வோரும் உண்டே!" என்கின்றனர். உண்டு. கெட்ட அரிசிக்கும் குறைந்த பணத்துக்கும் நடுவே நிறுத்தி, எது வேண்டும் என்று கேட்டால், எதையாவது சொல்லத்தானே வேண்டும்? நல்ல அரிசி தருகிறோம் என்று சொல்லிக் கேட்டீர்களா?

"பெண்ணின் கணக்கில்தானே போடுகிறோம்!" என்பது அடுத்த வாதம். கணக்கு அவள் பெயரில். அட்டை யார் சட்டைப்பையில்? புதுவையின் தெருக்களில் மதுக்கடைகள் எத்தனை, சாராயக் கடைகள் எத்தனை என்று எண்ணியபடி நடந்துவிட்டு வந்து அந்த வாதத்தைப் பேசட்டும். அரிசி மூட்டையைச் சுமந்து சாராயக் கடைக்குப் போவது அரிது. அறுநூறு ரூபாய் நடந்தே போய்விடும்! ரேஷன் கடை மூடிக் கிடந்தது. அதன் ஊழியர்கள் சம்பளமின்றிப் போராடி நின்றனர். சாராயக் கடை திறந்தே இருந்தது. இதுவா ஆட்சியின் நெஞ்சு?

கொரோனா வந்த 2020இல் அதே ஒன்றிய அரசு என்ன செய்தது? நாடு முழுவதும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகளுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம் என்றது. பேராபத்து வந்ததும் தெரிந்துவிட்டதல்லவா, பசிக்கு மருந்து தானியமென்று? நாடு நடுங்கும்போது விளங்கிய உண்மை, நம் வீடு நடுங்கும்போது விளங்காமற் போனதேன்?

கோரிமேட்டைத் தாண்டி நட, தோழனே. பட்டானூர் தமிழ்நாடு. அதே வெயில், அதே மொழி, அதே பசி. ஆனால் அங்கே ரேஷன் கடை மூடப்படவில்லை. அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். 1967இல் அண்ணா ஆட்சி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒருபடி அரிசி என்று தொடங்கிய வழி, ஆட்சிகள் மாறியும் அடைபடவில்லை. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பானை கொதிக்க, இந்தப் பக்கம் பாஸ்புத்தகம் படிக்கச் சொன்னார்கள்!

பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் இந்த ஊரில்தான் வாழ்ந்தார். சமைக்க வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்தார் என்ற கதையை நாம் சொல்லிச் சொல்லிச் சிலிர்க்கிறோம். அந்தக் கதையில் நான் எண்ணிப் பார்ப்பது செல்லம்மாவை. கவிஞன் வானத்தைப் பார்த்தான். அவள் காலிப் பானையைப் பார்த்தாள். அன்று மாலை அரிசிக்கு எந்த வாசற்படி ஏறினாளோ! கவிஞனையாவது மன்னிக்கலாம், அவன் குருவிக்குக் கொடுத்தான். நம் அரிசியைக் கோப்புக்கு இரையாக்கியவர்களை எப்படி மன்னிப்பது?

1789 அக்டோபர் 5ஆம் நாள், பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்தனர். மறுநாள் மன்னனையே பாரிசுக்கு அழைத்து வந்தனர். அந்த மன்னனின் கொடிதான் அன்று நம் கடற்கரையிலும் பறந்தது. 1936 ஜூலை 30 அன்று, அதே பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு நம் ஆலைத் தொழிலாளர் 12 பேர் பலியாயினர். எட்டு மணி நேர வேலை உரிமை அந்த இரத்தத்தில் முளைத்தது. அந்த ஆலைகளின் சங்கொலி ஓய்ந்தது, 2020இல் ஏ.எஃப்.டி. ஆலைக்கும் பூட்டு விழுந்தது. கூலியின் உறுதி போன ஊரில் சோற்றின் உறுதியையும் பறிப்பதா?

பறித்தவர்கள் ஒருநாள் திருப்பித் தந்தார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் புதுவை மக்கள் ஆளுங்கூட்டணியைத் தோற்கடித்தனர். ஊர் ஊராக வாக்குக் கேட்கப் போனபோது தாய்மார்கள் கேட்டது ஒரே கேள்வி: "ரேஷன் கடை எப்போது திறக்கும்?" அதே ஆண்டு அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, கடைகள் திறந்தன. 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை. நீதிமன்றம் தராததை, கோப்பு தராததை, வாக்குச்சீட்டு தந்தது!

ஆகவே தோழனே, கடை திறந்ததென்று கைதட்டிவிட்டு உறங்கிவிடாதே. தீபாவளிக்கு வருவது பட்சணம். மாதந்தோறும் வருவதுதான் உணவு. உன் தெருக் கடைக்குப் போ. எந்தத் தேதியில் திறந்தது, என்ன வந்தது, எத்தனை கிலோ, எத்தனை பேருக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்பதைக் குறித்து வை. அரிசியோடு பருப்பும் எண்ணெயும் எல்லைக்கு அப்பால் கிடைக்கும் விலைக்கே வேண்டும் என்று கேள். பணம் தர மனமிருந்தால் அரிசிக்கு மேலாகத் தரட்டும். அரிசிக்குப் பதிலாக வேண்டாம் என்று சொல்.

உன் தாய் இன்றும் தனிப்பானையில் ஒரு பிடி அரிசி போட்டிருப்பாள். அந்தப் பிடியை அவள் மிச்சப்படுத்தியது தன் வயிற்றிலிருந்து. அந்தக் கடனைத் தீர்க்கும் வழி இதுதான்.

உலை கொதிக்கிறது. அதில் போட வேண்டியது அரிசி!